சின்ன சேனல், பெரிய தூண்டில்

யூடியூப் சேனல் தொடங்கிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் இரண்டு எண்கள் மனப்பாடமாகிவிடும்: ஆயிரம் சப்ஸ்கிரைபர், நாலாயிரம் மணி நேரம். ஆயிரம் பேர் சேர வேண்டும். கடைசி 12 மாதங்களில் அந்தச் சேனலின் வீடியோக்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்க்கப்பட்டிருக்க வேண்டும். அல்லது 90 நாட்களில் ஷார்ட்ஸ் மட்டும் ஒரு கோடி வியூஸ் தாண்ட வேண்டும். அதற்குப் பிறகுதான் விளம்பர வருமானத்தில் பங்கு கேட்டு விண்ணப்பிக்க முடியும். 2018 ஜனவரிக்கு முன்பு இந்த வாசல் இவ்வளவு உயரம் இல்லை. சேனலின் மொத்த வியூஸ் பத்தாயிரத்தைத் தொட்டாலே போதும் என்று இருந்தது.

நாலாயிரம் மணி நேரம் என்றால் 2,40,000 நிமிடங்கள். ஒருவர் சராசரியாக மூன்று நிமிடம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால் 80,000 வியூஸ் தேவை. ஷார்ட்ஸ் ஃபீடில் பார்த்த நேரம் இந்தக் கணக்கில் சேராது. காசு கட்டி விளம்பரமாக ஓட்டிய வீடியோவின் நேரமும் சேராது. வெட்கப்பட்டு ஒரு பழைய வீடியோவை டெலிட் செய்தாலோ பிரைவேட் ஆக்கினாலோ அது சேர்த்துக் கொடுத்த மணி நேரமும் கழிந்துவிடும். இது தெரியாமல் தங்கள் கணக்கைத் தாங்களே குறைத்துக்கொண்டவர்கள் நிறைய. 2023-ல் 500 சப்ஸ்கிரைபர், 3,000 மணி நேரம் என்று உயரம் குறைந்த ஒரு வாசலைத் திறந்தார்கள். ஆனால் அதன் வழியே போனால் ரசிகர்கள் தரும் சூப்பர் தேங்க்ஸ், மெம்பர்ஷிப் பணம்தான் வரும், விளம்பரப் பணம் வராது.

இந்த எண்களுக்கும் கையிலிருக்கும் எண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்தில்தான் ஒரு வியாபாரம் நடக்கிறது.

“ஆயிரம் சப்ஸ்கிரைபர் கேரண்டி”, “வாட்ச் ஹவர்ஸ் ஒரே வாரத்தில்” என்ற அறிவிப்புகளை டெலிகிராமிலும் ஃபேஸ்புக் குழுக்களிலும் பார்க்காத சேனல்காரர் இருக்க முடியாது. காசில்லாதவர்களுக்கு இலவசப் பதிப்பும் உண்டு: நீ என்னை சப்ஸ்கிரைப் செய், நான் உன்னைச் செய்கிறேன். இரண்டுமே யூடியூபின் போலி ஈடுபாட்டு விதிப்படி தடை செய்யப்பட்டவை. பிடிபட்டால் சேர்ந்த எண்ணிக்கை ஒரே இரவில் இறங்கும், விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம், சேனலே போகவும் கூடும். பிடிபடாவிட்டாலும் லாபமில்லை. பரஸ்பரக் கடனுக்காகச் சேர்ந்தவர் அடுத்த வீடியோவைப் பார்க்கப் போவதில்லை. ஐயாயிரம் சப்ஸ்கிரைபர் காட்டிவிட்டு நாற்பது வியூஸில் நிற்கும் சேனலை எந்த விளம்பரதாரரும் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார். “சேனலை வளர்த்துத் தருகிறேன், பாஸ்வேர்டு மட்டும் கொடுங்கள்” என்று வருபவர் இன்னும் ஆபத்தானவர். எடிட்டர், மேனேஜர் என்று பொறுப்புக்கு ஏற்றபடி அனுமதி தரும் வசதி யூடியூப் ஸ்டூடியோவிலேயே இருக்கிறது. நேர்மையாக வேலை செய்ய வருபவருக்கு அது போதும், பாஸ்வேர்டு வேண்டியதில்லை.

இந்த வியாபாரிகள் எல்லோரும் காட்டும் உதாரணம் வில்லேஜ் குக்கிங் சேனல். புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்தில் 2018-ல் தொடங்கி, 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தொட்ட முதல் தமிழ்ச் சேனல். உண்மையான சாதனைதான். ஆனால் அதே காலத்தில் அதே மாதிரி அடுப்பு மூட்டி, ஐம்பது வீடியோ போட்டு, ஓய்ந்துபோன சேனல்களின் பட்டியலை யாரும் காட்டுவதில்லை.

வியூஸ் வராததைவிடப் பெரிய தலைவலி பலருக்கு ஒரு மின்னஞ்சல் வடிவில் வருகிறது: காப்பிரைட். இதில் முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது கிளைம் வேறு, ஸ்டிரைக் வேறு என்பதை. கோயில் திருவிழாவைப் படம் பிடிக்கிறார் ஒருவர். பின்னால் ஒலிபெருக்கியில் சினிமாப் பாட்டு ஓடுகிறது. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற தானியங்கி அமைப்பு பாட்டை அடையாளம் கண்டு, அந்த வீடியோவின் வருமானத்தைப் பாட்டின் உரிமையாளருக்குத் திருப்பிவிடுகிறது. இது கிளைம். சேனலுக்கு ஆபத்தில்லை. பாட்டு வரும் பகுதியை ஸ்டூடியோவிலேயே வெட்டலாம், ஊமையாக்கலாம், வேறு இசையால் மாற்றலாம். கல்யாண ஊர்வலத்தில் பாட்டுப் போட இந்தியக் காப்புரிமைச் சட்டம் விலக்கு தருகிறது என்பது சரியே. ஆனால் அந்த ஊர்வலத்தை வீடியோவாக்கி இணையத்தில் ஏற்றுவதற்கு அந்த விலக்கை நம்ப முடியாது. பழைய பாட்டுதானே என்ற சமாதானமும் செல்லாது. 2024-ல் ஒரு பழைய பாட்டுக்காக ‘மஞ்சும்மெல் பாய்ஸ்’ படத் தயாரிப்பாளர்களுக்கே இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ் போனது.

ஸ்டிரைக் என்பது உரிமையாளர் சட்டப்படி புகார் கொடுத்து வீடியோவையே நீக்க வைப்பது. 90 நாட்களுக்குள் மூன்று ஸ்டிரைக் விழுந்தால் சேனல் முடிந்தது. ஒரு ஸ்டிரைக்கிலிருந்து வெளிவர மூன்று வழிகள் உண்டு. காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தை முடித்துவிட்டு 90 நாள் காத்திருப்பது. புகார் கொடுத்தவரிடமே பேசி வாபஸ் வாங்குவது. புகார் தவறு என்றால் எதிர் அறிவிப்பு அனுப்புவது. எதிர் அறிவிப்பு போனபின், புகார்தாரர் பத்து வேலை நாட்களுக்குள் நீதிமன்றத்துக்குப் போனதற்கு ஆதாரம் காட்டாவிட்டால் வீடியோ திரும்ப வரும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அதில் எழுதும் உண்மையான பெயரும் முகவரியும் புகார்தாரர் கைக்குப் போகும், அறிக்கை பொய்யென்றால் சட்டப் பொறுப்பும் உண்டு. அதனால் கோபத்தில் அனுப்பக் கூடாது. வழக்கறிஞர் மூலம் அனுப்பினால் வீட்டு முகவரி வெளியே போகாது.

எது நியாயமான பயன்பாடு? “பத்து விநாடி வரை எடுக்கலாம்” என்பது சேனல்காரர்களிடையே வாய்வழியாகப் பரவும் சட்டம்; உண்மைச் சட்டத்தில் அப்படி விநாடிக் கணக்கு எதுவும் இல்லை. 1957-ம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம் 52-வது பிரிவில் விமர்சனம், அலசல், நடப்புச் செய்தி ஆகியவற்றுக்காகப் பிறர் படைப்பை நியாயமான அளவில் எடுத்தாள இடம் தருகிறது. ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் பாடகி ஒருவர் தான் பாடிய திரைப்பாடல்களின் சில வரிகளைப் பாடியது பற்றி யஷ் ராஜ் நிறுவனம் இந்தியா டிவி மீது தொடுத்த வழக்கில், எடுத்த அளவு சட்டம் கவலைப்பட வேண்டாத அற்ப அளவு என்று 2012-ல் டெல்லி உயர் நீதிமன்றம் முடிவு செய்தது. அங்கேயும் விநாடியை மட்டும் எண்ணவில்லை. நோக்கம், பாதிப்பு என்று பலவற்றையும் எடைபோட்டார்கள். விமர்சனத்துக்காக ஒரு காட்சியை எடுத்தால் அதன்மேல் பேச வேண்டும். காட்சியை ஓடவிட்டு மூலையில் முகத்தைக் காட்டிச் சிரிப்பது விமர்சனம் ஆகாது. டிஸ்கிரிப்ஷனில் “உரிமை உரியவருக்கே” என்று எழுதுவதாலும் எதுவும் ஆகாது.

புகார் கொடுக்கும் அதிகாரமே பேரம் பேசும் கருவியாகலாம். 2025 மே மாதம் மோஹக் மங்கல் என்ற யூடியூபர், ஏஎன்ஐ செய்தி நிறுவனத்தின் சில விநாடிக் காட்சிகளைப் பயன்படுத்தியதற்காகத் தனக்கு ஸ்டிரைக் வந்ததாகவும், வாபஸ் வாங்க லட்சக்கணக்கில் கேட்கப்பட்டதாகவும் வீடியோ போட்டார். தன் உரிமையைச் சட்டப்படிதான் காப்பதாகச் சொன்ன ஏஎன்ஐ, அவர்மீது டெல்லி உயர் நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தது. வீடியோவில் இருந்த சில சொற்களை நீக்கும்படி நீதிமன்றம் சொன்னது. பல லட்சம் சப்ஸ்கிரைபர் உள்ளவருக்கே இந்த அலைச்சல்.

அமெரிக்காவின் நெப்ராஸ்காவைச் சேர்ந்த ஒருவர் மைன்கிராஃப்ட் விளையாட்டுச் சேனல்கள்மீது பொய்ப் புகார் கொடுத்து, இரண்டு ஸ்டிரைக் விழுந்ததும் மூன்றாவதைத் தவிர்க்கப் பணம் கேட்டார். அது அப்பட்டமான மிரட்டல். 2019-ல் யூடியூபே அவர்மீது வழக்குப் போட்டு, 25,000 டாலர் தர ஒப்புக்கொள்ள வைத்தது. இந்தியச் சட்டத்திலும் இதற்கு மருந்து இருக்கிறது. அடிப்படையில்லாமல் வழக்குப் போடுவேன் என்று மிரட்டுபவருக்கு எதிராகத் தடையும் நஷ்ட ஈடும் கேட்டு நீதிமன்றம் போகக் காப்புரிமைச் சட்டத்தின் 60-வது பிரிவு வழி தருகிறது. பணம் கேட்டு வந்த மெயில், வாட்ஸ்அப் எதையும் அழிக்காமல் வைத்திருப்பதே முதல் வேலை.

மறுபக்கமும் உண்டு. சின்னச் சேனலின் வீடியோவை லோகோவை மறைத்துத் தன் பக்கத்தில் போட்டு லட்சம் வியூஸ் வாங்கும் திருட்டும் தினம் நடக்கிறது. சொந்தமாக எடுத்த வீடியோவின் உரிமை எடுத்த நொடியிலிருந்தே இருக்கிறது. பதிவு செய்வது கட்டாயமில்லை. யூடியூபின் நீக்கக் கோரிக்கைப் படிவம் ஆயிரம் சப்ஸ்கிரைபர் இல்லாதவருக்கும் திறந்தே இருக்கிறது. எடிட் செய்யாத மூலக் காட்சிகளை ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருந்தால் யாருடையது என்ற தகராறுக்கே இடமிருக்காது.

இனி கணக்கே கொள்ளை போகும் கதை. சேனல் கொஞ்சம் வளர்ந்ததும் “உங்களுடன் விளம்பர ஒப்பந்தம் செய்ய விரும்புகிறோம்” என்று மெயில் வரும். ஒப்பந்த நகல் என்று ஒரு ஃபைல் இணைத்திருப்பார்கள், அல்லது சோதித்துப் பார்க்க ஒரு சாஃப்ட்வேர் அனுப்புவார்கள். திறந்தால் பிரவுசரில் இருக்கும் லாகின் குக்கீ திருடு போகும். ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டவரின் அனுமதிச் சீட்டு அது. அதனால் பாஸ்வேர்டும் ஓடிபியும் கேட்கப்படுவதே இல்லை. கனடாவின் லைனஸ் டெக் டிப்ஸ், கணினித் தொழில்நுட்பத்தையே பிழைப்பாகக் கொண்ட சேனல். 2023 மார்ச்சில், ஸ்பான்சர் அனுப்பிய பிடிஎஃப் என்று நம்பி அங்கே ஒருவர் ஃபைலைத் திறந்ததில் சேனல் பறிபோய், எலான் மஸ்க் முகத்துடன் கிரிப்டோ மோசடி நேரலை ஓடியது. 2024 செப்டம்பர் 20 அன்று இந்திய உச்ச நீதிமன்றத்தின் யூடியூப் சேனலிலேயே கிரிப்டோ விளம்பரம் ஓடியது. சேனல்காரர்களைக் குறிவைக்கும் இந்தக் குக்கீ திருட்டைப் பற்றி கூகுள் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, திருடிய சேனல்கள் சப்ஸ்கிரைபர் எண்ணிக்கையைப் பொறுத்து 3 டாலர் முதல் 4,000 டாலர் வரை விலைபோவதாகச் சொன்னது. நம்மைப் போய் யார் திருடுவார்கள் என்று நினைப்பவர்களுக்கு அந்த மூன்று டாலர்தான் பதில்.

பாஸ்வேர்டு போட்ட ஜிப் ஃபைலை எந்த நிஜ விளம்பரதாரரும் அனுப்ப வேண்டிய அவசியமில்லை. சேனலுக்கான கூகுள் கணக்கைத் தனி பிரவுசரில் வைத்து, மெயில் இணைப்புகளை வேறு கருவியில் திறப்பது நல்ல பழக்கம். பறிபோனால் கூகுளின் கணக்கு மீட்பு வழியை உடனே தொடங்க வேண்டும். எக்ஸ் தளத்தில் உள்ள டீம் யூடியூப் உதவிக் கணக்கிலும் முறையிடலாம். தேசிய இணையக் குற்றப் புகார் தளத்தில் புகார் பதிய வேண்டும். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழைக்க வேண்டும். பிறர் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ திருடுவதும், ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி, 66டி பிரிவுகளில் மூன்று ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள்.

உண்மையான விளம்பரம் வந்தாலும் கவனம் வேண்டும். பணமோ, இலவசப் பொருளோ, தள்ளுபடியோ எதைப் பெற்றாலும் அது விளம்பரம் என்பதை வீடியோவுக்குள்ளேயே சொல்ல வேண்டும், டிஸ்கிரிப்ஷனின் அடியில் ஒளித்து வைத்தால் போதாது என்பது நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். தவறான விளம்பரத்துக்கு முகம் கொடுத்தவருக்கும் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை. சிறு சேனல்களை வலைப்பின்னலில் சேர்க்கும் ஏஜென்சிகளின் ஒப்பந்தத்தில் “நிரந்தரமாக, உலகம் முழுவதும்” என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடிப் பார்ப்பது நல்லது. உரிமையை மாற்றித் தருவது எழுத்தில், கையெழுத்துடன் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவு. ஏஜென்சிகள் அந்த இரண்டு சொற்களையும் சும்மா சேர்ப்பதில்லை.

யூடியூப் ஒரு வீடியோவை நீக்கி, அங்கே செய்த மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்காவிட்டால், 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி யூடியூபின் குறைதீர் அதிகாரியிடம் புகார் செய்யலாம். அவர் முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாட்களுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 முதல் இயங்கும் இந்தக் குழுவுக்கு முறையீடு முழுக்க இணையம் வழியாகவே நடக்கிறது. டெல்லிக்குப் போக வேண்டாம்.

கடைசியாக, பணம் வரத் தொடங்கும் நேரத்தில் செய்யும் அசட்டை. அமெரிக்கப் பார்வையாளர்களால் வரும் வருமானத்துக்கு 2021 ஜூன் முதல் கூகுள் அந்நாட்டு வரி பிடிக்கிறது. இதற்குக் கூகுளே ஓர் இந்திய உதாரணம் தந்திருந்தது: மாத வருமானம் 1,000 டாலர், அதில் அமெரிக்காவிலிருந்து வந்தது 100 டாலர். வரி விவரம் தராதவருக்கு மொத்த வருமானத்திலிருந்தே 240 டாலர் கழியும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தச் சலுகையைக் கேட்டு விவரம் தந்தவருக்கு 15 டாலர்தான். இந்த வரி விவரப் படிவத்தை நிரப்பித் தரவும் காசு வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆட்சென்ஸ் கணக்குக்குள்ளேயே, பான் எண்ணை வைத்துக்கொண்டு, கட்டணமில்லாமல் நிரப்பக்கூடிய படிவம் அது. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.