45 ரூபாய்க்குக் காற்றாலைக் கரண்டு வாங்கிய மாணவர்கள்! தெரியுமா?

கல்லூரி ஃபீஸ் ரசீதை என்றைக்காவது வரி வரியாகப் படித்திருக்கிறீர்களா? லேப், லைப்ரரி, ஸ்போர்ட்ஸ், பஸ், ஹாஸ்டல்... இந்தப் பட்டியலில் 'பசுமை மின்சாரம்' என்றும் ஒரு வரி இருந்தால் எப்படி இருக்கும்? கற்பனை இல்லைங்க! அமெரிக்காவின் சில பல்கலைக்கழகங்களில் மாணவர்களே ஓட்டுப் போட்டு அந்த வரியைச் சேர்த்திருக்கிறார்கள். நம் மேட்டுப்பாளையத்துப் பக்கம் ஒரு கிராம ஊராட்சி இன்னும் ஒரு படி மேலே போய், காற்றாலையையே சொந்தமாக வாங்கிவிட்டது! ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

ஒரே ஒரு டாலர் என்ன செய்யும், தெரியுமா?

2000-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகம், போல்டர் வளாகம். காற்றாலை மின்சாரம் வாங்குவதற்காக செமஸ்டருக்கு 1 டாலர் கூடுதல் கட்டணம் தரச் சம்மதமா என்று மாணவர்களிடம் கேட்டார்கள். பெருவாரியான மாணவர்கள் 'சம்மதம்' என்றார்கள்! அன்றைய மதிப்பில் 1 டாலர் ஏறத்தாழ 45 ரூபாய். ஆயிரக்கணக்கானோர் அதைச் சேர்த்துப் போட்டபோது, ஒரு பல்கலைக்கழகம் காற்றாலை மின்சாரத்தின் வாடிக்கையாளர் ஆகிவிட்டது!

100-க்கு 100 பசுமை மின்சாரம்!

2004-இல் வெஸ்டர்ன் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களும் இதே போல ஓட்டுப் போட்டார்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் ஆதரவு! அடுத்த ஆண்டிலிருந்து அந்த வளாகம் செலவழித்த ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஈடாகப் பசுமை மின்சாரம் வாங்கப்பட்டது. பணம் கொடுத்தவர்கள் மாணவர்கள்!

பணமும் மாணவர்களுடையது, முடிவும் மாணவர்களுடையது!

2007-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்கென்றே ஒரு பசுமை நிதியை ஓட்டுப் போட்டு உருவாக்கினார்கள். தலைக்கு செமஸ்டருக்கு 5 டாலர். எந்தத் திட்டத்துக்குப் பணம் தருவது என்று தீர்மானிக்கும் குழுவில் யாருக்குப் பெரும்பான்மை? மாணவர்களுக்கேதான்!

ஓடந்துறைக்குச் சொந்தக் காத்தாடி, தெரியுமா?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நீலகிரி அடிவாரத்தில், மேட்டுப்பாளையத்தை ஒட்டி இருக்கிறது ஓடந்துறை ஊராட்சி. 1996 முதல் 10 ஆண்டுகள் அங்கே தலைவராக இருந்தவர் ஆர். சண்முகம். வீட்டு வாசலுக்குக் குடிதண்ணீர் வந்தது, தெருவுக்கு விளக்கு வந்தது. கூடவே கரண்டு பில்லும் ஏறிக்கொண்டே போனது! மோட்டார் ஓடினால்தானே தண்ணீர்?

முதலில் கை கொடுத்தது மரக்கழிவு. குடிநீர் மோட்டாருக்காக 9 கிலோவாட் 'கேஸிஃபையர்' ஒன்றை வைத்தார்கள். மரத்துண்டுகளைத் தாராளமாகக் காற்று விட்டு எரித்தால் வெறும் தீயும் சாம்பலும்தான் மிஞ்சும். காற்றைக் குறைத்துக் கொஞ்சமாக விட்டால்? எரியக்கூடிய வாயு கிடைக்கும்! அந்த வாயுவைக் குளிரவைத்து, தூசி நீக்கி, இன்ஜினுக்குள் விட்டால் இன்ஜின் ஓடும், மின்சாரம் பிறக்கும், தண்ணீர் மேல்நிலைத் தொட்டிக்கு ஏறும். விறகுத் துண்டில் குடிதண்ணீர்!

அதோடு நின்றார்களா? 2006-இல் 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். ஊராட்சி மிச்சம் பிடித்து வைத்திருந்தது 40 லட்சம். மீதி 1.15 கோடி வங்கிக் கடன். கடன் வாங்கிக் காற்றாலை போட்ட கிராமம்! காற்றாலையை நிறுத்திய இடம் ஓடந்துறை இல்லை என்பதுதான் இன்னும் ஆச்சரியம். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தள்ளி, உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்தில் மைவாடி! நல்ல காற்று அங்கேதானே வீசுகிறது? இறக்கை சுற்றுவது மைவாடியில், கணக்கில் வரவு விழுவது ஓடந்துறைக்கு.

ஆண்டுக்கு ஏறத்தாழ 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊராட்சியின் தேவை ஏறத்தாழ 4.5 லட்சம் யூனிட்தான். மிச்சத்தை வாங்கிக்கொண்டு காசு கொடுத்தது மின்வாரியம்! பில் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சி, கரண்டு விற்கும் ஊராட்சி ஆகிவிட்டது. இதைப் பார்க்க வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கோவையில் இன்ஜினியரிங் படிக்கும் பிள்ளைகளுக்கோ இது ஒரு மணி நேர பஸ் தூரம்!

இந்தக் காற்று எந்த வழியாக வருகிறது, தெரியுமா?

மேற்குத் தொடர்ச்சி மலை ஒரு நீண்ட சுவர் மாதிரி. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவில் மட்டும் 30 கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஒரு வாசல்! அதுதான் பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு நுழைந்து, பல்லடம், உடுமலைப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு மேலே சீறிப் பாய்கிறது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் கிடைக்கும் ஆற்றல் எத்தனை மடங்காகும்? இரண்டா, நான்கா? இல்லை, 8 மடங்கு! ஓடந்துறை ஏன் அவ்வளவு தூரம் போய் மைவாடியில் காத்தாடி போட்டது என்று இப்போது புரிகிறதா?

மில்கள் பெருக வைத்தது எது, தெரியுமா?

கொங்கு நாட்டுக்குப் பசுமை மின்சாரம் புதிதில்லை! நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. மலையில் 900 மீட்டருக்கு மேல் உயரத்திலிருந்து குழாய் வழியே இறங்கிய தண்ணீர், கோவை மில்களின் கதிர்களைச் சுற்றவைத்தது. 1930-களில் இங்கே நூற்பாலைகள் மளமளவென்று முளைத்ததற்கு அந்த மலிவான கரண்டு பெரிய காரணம். பின்னாளில் இதே மில்காரர்கள்தான் சொந்தக் காற்றாலைகளில் துணிந்து முதல் போட்டார்கள். இன்று தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது!

கூட்டாக மின்நிலையம் வைத்துக்கொள்ளலாம், தெரியுமா?

ஆமாம், சட்டமே இடம் கொடுக்கிறது! கூட்டுறவுச் சங்கமோ, தனிநபர்கள் சேர்ந்த அமைப்போ தன் உறுப்பினர்களின் தேவைக்காக மின்நிலையம் அமைக்கலாம் என்கிறது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம். 2005-ஆம் ஆண்டு விதிகள் கணக்கையும் சொல்கின்றன: பயன்படுத்துவோரிடம் குறைந்தது 26 சதவீத உரிமை, உற்பத்தியில் குறைந்தது 51 சதவீதம் அவர்களின் சொந்த உபயோகம். மில்களுக்கு நன்றாகத் தெரிந்த வழி இது. கல்லூரிகள் சில கைகோத்தால்?

வெயிலும் காற்றும் முறை வைத்து வருகின்றன!

பங்குனி, சித்திரையில் வானம் துடைத்த மாதிரி இருக்கும், சோலாருக்குக் கொண்டாட்டம். வைகாசி கடைசியில் மேகம் திரண்டதும் காற்று சீசன் ஆரம்பம், காத்தாடிக்குக் கொண்டாட்டம். ஒன்று ஓயும்போது இன்னொன்று தோள் கொடுக்கிறது. இன்னொரு சங்கதி: சூடு ஏற ஏற சோலார் பலகையின் திறன் குறையும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீத இழப்பு. கணவாய்க் காற்று அடிக்கும் மொட்டை மாடி பலகைக்கும் சுகம்தான்!

வயசு ஒரு தடையா?

திருவண்ணாமலைப் பள்ளி மாணவி வினிஷா உமாசங்கர், கரி இல்லாமல் வெயிலில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்து, 2020-இல் ஸ்வீடனின் குழந்தைகள் பருவநிலைப் பரிசு பெற்றார். மறு ஆண்டு கிளாஸ்கோவில் உலகத் தலைவர்கள் கூடிய ஐ.நா. பருவநிலை மாநாட்டில் பேசினார்!

இனி நம் கணக்கு!

5,000 பேர் படிக்கும் கல்லூரி ஒன்றை எடுத்துக்கொள்வோம். செமஸ்டருக்குத் தலைக்கு 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு 10 லட்சம். ஒரு கிலோவாட் சோலாருக்கு ஏறத்தாழ 50,000 ரூபாய் ஆகும் என்று வைத்தால், ஆண்டுக்கு 20 கிலோவாட். ஒரு பேட்ச் நான்கு ஆண்டு படித்து முடிப்பதற்குள் 80 கிலோவாட்! அதற்குத் தேவை ஏறத்தாழ 8,000 சதுர அடி மொட்டை மாடி. கிலோவாட்டுக்கு நாளுக்கு 4 யூனிட் என்றால் 320 யூனிட், ஆண்டுக்கு 1.16 லட்சம் யூனிட். யூனிட் 8 ரூபாய் என்று போட்டால் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு மேல் மிச்சம்!

கவனித்தீர்களா? மாணவர்கள் ஆண்டுதோறும் போட்ட பணத்துக்குக் கிட்டத்தட்ட சமமான தொகையை, ஐந்தாம் ஆண்டிலிருந்து மொட்டை மாடியே சம்பாதிக்கிறது! பலகைகளோ 25 ஆண்டு உழைக்கும். அந்த மிச்சத்தை மறுபடி இதே நிதியில் போட்டால், அடுத்த பேட்ச்சின் 100 ரூபாய் கிட்டத்தட்ட 200 ரூபாய் வேலை செய்யும்.

இதற்கு மூன்று நிபந்தனைகள் போதும். மாணவர்களின் ஓட்டு இல்லாமல் வசூல் கூடாது. கட்ட முடியாத பிள்ளைக்கு விலக்கு வேண்டும். எத்தனை யூனிட் கிடைத்தது, எவ்வளவு மிச்சமானது என்ற கணக்கு மாதாமாதம் நோட்டீஸ் போர்டில் ஏற வேண்டும். 40 லட்சம் சேர்த்து வைத்திருந்த ஒரு கிராமம் 1.55 கோடிக்குத் துணிந்தது இதே மண்ணில்தான். ஆயிரமாயிரம் இன்ஜினியர்களை உருவாக்கும் கோவைக் கல்லூரிகளால் முடியாதா என்ன? கட்டாயம் முடியும். அடுத்த மாணவர் மன்றக் கூட்டத்தில் எழுந்து நின்று கேளுங்கள்!