11 ஜி.பி. இருந்தும் பயனில்லை!

புதிய விளையாட்டு ஒன்று வந்திருக்கிறது. வாங்கிவிடத் துடிக்கிறார் இளைஞர். அதற்கு என்னென்ன வேண்டும் என்று பட்டியலைப் பார்க்கிறார். முகம் வாடிப் போகிறது. அவரிடம் இருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கு அதில் இடமில்லை!

அது மட்டமான கார்டா? இல்லை. 2017-ல் வந்த ஜி.டி.எக்ஸ். 1080 டி.ஐ. அந்தக் காலத்தில் முதல் தரமானது. 11 ஜி.பி. மெமரி உள்ளது. ஆனால், 8 ஜி.பி. மட்டுமே உள்ள ஆர்.டி.எக்ஸ். 2060 சூப்பர் என்ற 2019-ம் வருஷத்துக் கார்டுக்குப் பட்டியலில் இடம் உண்டு. இது என்ன நியாயம்?

அன்றும் இன்றும்

விளையாட்டின் பெயர் 'டூம்: தி டார்க் ஏஜஸ்'. அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள இட் சாப்ட்வேர் கம்பெனியார் தயாரித்தது; 2025 மே மாதத்தில் வெளிவந்தது. பெரும்பாலும் துப்பாக்கி பிடித்தவனின் கண் வழியாகவே பார்த்து விளையாட வேண்டும்.

இதே கம்பெனியின் முதல் 'டூம்' 1993 டிசம்பரில் வந்தது. அதற்கு 386 பிராசசரும் 4 எம்.பி. ரேமும் போதும். இன்றைய டூமுக்கோ குறைந்தபட்சம் 16 ஜி.பி. ரேம் வேண்டும். நாலாயிரம் மடங்குக்கு மேல்! எட்டு கோர் உள்ள பிராசசர், எஸ்.எஸ்.டி.யில் 100 ஜி.பி. இடம் ஆகியவையும் வேண்டும்.

இவையெல்லாம் அளவு சம்பந்தப்பட்டவை. இருப்பதைக் கூட்டிக்கொள்ளலாம். இளைஞரின் கார்டில் உள்ள குறை வேறு.

வெளிச்சம் செய்யும் வேலை

முன்பெல்லாம் விளையாட்டைத் தயாரிப்பவர்களே வெளிச்சத்தையும் நிழலையும் முன்கூட்டிக் கணக்கிட்டுச் சுவர்களில் பதித்துவிடுவார்கள். நாடகக் கொட்டகைத் திரையில் நிலவை எழுதி வைப்பது போல! கம்ப்யூட்டர் அதை எடுத்துக் காட்டினால் போதும்.

இப்போது அப்படியில்லை. ஒளிக்கதிர் எங்கே பட்டு எங்கே தெறிக்கிறது என்பதை விளையாடும்போதே கணக்கிட வேண்டும். இதற்கு 'ரே டிரேசிங்' என்று பெயர். விநாடிக்கு 60 படங்கள் ஓடும்போது ஒவ்வொன்றுக்கும் இந்தக் கணக்கு உண்டு. ஆகவே இதற்கென்றே தனி உறுப்புக் கார்டுக்குள் இருக்க வேண்டும். 2060 சூப்பரில் அது இருக்கிறது, 1080 டி.ஐ.யில் இல்லை. அடுப்பு எவ்வளவு பெரிதானால் என்ன? ஆட்டுக்கல் இல்லாமல் தோசைக்கு மாவு அரைபடுமா?

முன்பே நடந்த கதை

இது புதிதல்ல. 1996-ல் இதே கம்பெனி 'குவேக்' என்ற விளையாட்டை வெளியிட்டது. அப்போது சைரிக்ஸ் 6x86 என்ற பிராசசர் பலருக்குப் பிடித்திருந்தது. அலுவலக வேலைகளில் அது பென்டியத்துக்குச் சளைக்காது. ஆனால், குவேக் பெருவாரியாகத் தசமக் கணக்குகளைப் போட்டது. அந்த வேலையில் பென்டியம் கெட்டி, சைரிக்ஸ் பலவீனம். நல்ல பிராசசர் என்று வாங்கியவர்கள் படம் தடுமாறுவதைக் கண்டு கையைப் பிசைந்தார்கள்.

வாங்குமுன் கவனியுங்கள்

கார்டு எத்தனை ஜி.பி. என்று மட்டும் கேட்காதீர்கள். ரே டிரேசிங் உறுப்பு உண்டா என்று கேளுங்கள். பெட்டிக்குள் அதற்கு இடமிருக்கிறதா, பவர் சப்ளை தாங்குமா என்றும் பாருங்கள். மற்ற பாகங்கள் பட்டியலுக்குச் சரியாக இருந்தால் கார்டை மாற்றினால் போதும். கம்ப்யூட்டரையே தூக்கி எறிய வேண்டியதில்லை.

பையன் ஆசைப்படுகிறான் என்று பணத்தை எண்ணிக் கொடுக்குமுன் பட்டியலை ஒரு தடவை படித்துவிடுங்கள். படிப்பதற்குக் காசு கிடையாது!