காப்பகத்து நாய்க்கு என்ன குறை?

காப்பகத்திலிருந்து ஒரு நாயைத் தத்தெடுக்கலாமா என்று வீட்டில் பேச்செடுத்துப் பாருங்கள். யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "நல்ல நாயா இருந்தா எதுக்கு விட்டுட்டுப் போகப்போறாங்க?" கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கான பதில் பெரும்பாலும் நாயிடம் இருக்காது, அது வளர்ந்த வீட்டில்தான் இருக்கும். ஒரு குட்டியின் பின்னாலேயே போய்ப் பார்ப்போம்.

லேப்ரடார் குட்டி ஒன்றை வாங்குகிறோம். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கக் கூடாது என்பது 2017-இல் வந்த மத்திய அரசு விதி. எட்டு வாரத்தில் அது மடியில் அடங்கும், வீடே அதைச் சுற்றிவரும். நான்காம் மாதம் பால் பல் விழத் தொடங்குகிறது. ஈறு குறுகுறுக்க, செருப்பு, சோபா, சார்ஜர் வயர் எதுவும் தப்புவதில்லை. ஒரு வயதுக்குள் அதன் எடை 25 கிலோவைத் தாண்டிவிடும். காலையும் மாலையும் நன்றாக ஓடவிட்டால்தான் அடங்கும். நாமோ காலை எட்டு மணிக்குப் பூட்டிக்கொண்டு போய் இரவு ஏழு மணிக்குத் திரும்புகிறோம். அது குரைக்கிறது, பக்கத்து ஃபிளாட்காரர் முகம் சுளிக்கிறார், அசோசியேஷனிலிருந்து கடிதம் வருகிறது. செல்லப்பிராணியே கூடாது என்று குடியிருப்போர் சங்கம் தடை போட முடியாது என விலங்குகள் நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. இது தெரியாமலேயே பலர் நாயைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

இன்னொரு வீட்டில் வேலை மாற்றல். வேறொரு வீட்டில் நாயை வளர்த்த தாத்தா காலமாகிவிட்டார், பிள்ளைகள் வெளிநாட்டில். பெண் நாய் என்றால் சுமார் ஆறு மாதத்துக்கொரு முறை வரும் உதிரப்போக்குக்கும், அடுத்து வரும் குட்டிகளுக்கும் பயந்தே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு கருத்தடை அறுவை சிகிச்சையில் முடியும் விஷயம் அது. யாருமே கைவிடாமல் தெருவுக்கு வரும் நாய்களும் உண்டு. தீபாவளிப் பட்டாசுக்கு மிரண்டு, கேட்டைத் தாண்டி ஓடி, வழி தெரியாமல் நிற்பவை அவை. இவற்றில் எது நாயின் குற்றம்?

வீட்டில் வளர்ந்த நாயைக் கண்டுபிடிப்பது ஒன்றும் கஷ்டமில்லை. கழுத்து ரோமத்தை விலக்கிப் பாருங்கள், பட்டை உராய்ந்து உராய்ந்து தேய்ந்த தடம் வளையமாகத் தெரியும். "சிட்" என்று சும்மா சொல்லிப் பாருங்கள், பல நாய்கள் உடனே உட்கார்ந்துகொண்டு நம் கையைப் பார்க்கும். யாரோ பிஸ்கட் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

"நேர்ல போய்ப் பார்த்தேன், கூண்டுக்குள்ள பாய்ஞ்சு பாய்ஞ்சு குரைச்சுதே!" என்பார்கள். பத்து நாய்கள் குரைக்கும் கூடத்தில் பதினோராவது நாய் சும்மா இருக்காது. அங்கே நாம் பார்ப்பது அதன் பதற்றத்தை, குணத்தை அல்ல. கழுத்தில் கயிறு போட்டு வெளியே அழைத்துவரச் சொல்லுங்கள். கண்ணுக்குக் கண் முறைக்காமல், பக்கவாட்டில் திரும்பி உட்காருங்கள். தலையைத் தடவக் கை நீட்டாதீர்கள், அதுவாக வந்து மோந்து பார்க்கட்டும். கால் மணி நேரத்தில் அது வேறு நாயாகத் தெரியும். கடிக்கிற நாய்களும் காப்பகத்தில் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. குழந்தைகளிடம் எப்படி, பூனையைக் கண்டால் என்ன செய்யும், தட்டைத் தொட்டால் உறுமுமா என்று பராமரிப்பவரிடம் நேராகவே கேளுங்கள். தினமும் சோறு வைப்பவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

அவர்களும் நம்மைக் கேட்பார்கள். சொந்த வீடா, வாடகையா? வீட்டுக்காரர் சம்மதித்தாரா? ஊருக்குப் போனால் யார் பார்ப்பார்கள்? சிலர் வீட்டுக்கே வந்து மொட்டைமாடிச் சுவரின் உயரத்தைப் பார்ப்பார்கள். 'இலவசமாகக் கொடுக்கும் நாய்க்கு இத்தனை விசாரணையா' என்று கோபப்பட வேண்டாம். ஏற்கெனவே ஒரு வீட்டை இழந்த நாயை இன்னொரு முறை அலையவிடாமல் இருக்கத்தான் இந்தக் கேள்விகள். இலவசம் என்பதும் முதல் நாளோடு சரி. ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி, பூச்சி மருந்து, நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் ஓயாத உண்ணிக்கு மருந்து, சாப்பாடு என்று பத்துப் பன்னிரண்டு வருஷம் செலவு இருக்கிறது. சென்னையில் மாநகராட்சி உரிமமும் வாங்க வேண்டும். இந்த வெயிலில் ஹஸ்கி வளர்ப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. குட்டை ரோம நாட்டு நாய் இந்த மண்ணுக்கென்றே பிறந்தது, காப்பகங்களில் வீட்டுக்காகக் காத்திருப்பதும் பெரும்பாலும் அதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அது வாலாட்டிக் கொஞ்சும் என்று எதிர்பார்ப்பதால்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். நடு வருஷத்தில் புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிள்ளை எப்படி இருக்கும்? அப்படித்தான் இதுவும். நாய் பழக்குபவர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: மூன்று நாள் மிரட்சி, மூன்று வாரத்தில் வீட்டு நடைமுறை பிடிபடும், மூன்று மாதத்தில் 'இது என் வீடு' என்ற நம்பிக்கை வரும். முதல் நாள் சாப்பிடாமல் கட்டிலடியில் கிடந்தால் கிடக்கட்டும். சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து காட்ட வேண்டாம். ஒரே நேரத்தில் சோறு, ஒரே வழியில் நடை, அது போதும். கேட்டை மட்டும் மறக்காமல் சாத்துங்கள். புது நாய் ஓடிப்போவதற்கு அதிக வாய்ப்புள்ள காலம் இதுதான்.

எல்லாம் செய்தும் சில நேரம் ஒத்துவராமல் போகலாம். வளர்த்த பிராணியைத் தெருவில் கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் விடாமல் முன்னெடுத்ததன் பலன் அந்தச் சட்டம். அதில் முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான், இன்றைக்கு அந்தத் தொகைக்கு யார் பயப்படப்போகிறார்கள்? ஆகவே சட்டத்தை நம்பாமல் உங்களிடமே கேட்டுக்கொள்கிறேன்: ஒத்துவரவில்லை என்றால், எங்கிருந்து அழைத்துவந்தீர்களோ அங்கேயே போய், காரணத்தை மறைக்காமல் சொல்லி, நாயைத் திருப்பி ஒப்படையுங்கள்.