நன்னாரி வேரும் வோட்காவும்

வோட்காவுக்கென்று சொந்த மணம் கிடையாது. தனிக்குணம், மணம், சுவை, நிறம் எதுவும் இல்லாத மது என்றுதான் அமெரிக்க விதிமுறையே 2020 வரை அதை வரையறுத்திருந்தது. புதிதாக ஒரு காக்டெயிலை உருவாக்க நினைப்பவருக்கு இந்த வெறுமை பெரிய வசதி. ஜின்னில் ஜூனிபர் வாசம் ஏற்கெனவே இருக்கும், ரம்மில் கரும்பின் சாயல் இருக்கும். வோட்காவில் எதைப் போடுகிறோமோ அதுதான் வாசம்.

வேதியியல்படி வோட்கா ஒரு கரைப்பான். இந்திய பாட்டில்களில் வழக்கமாக 42.8 சதவீதம் எத்தனால். மிச்சம் ஏறக்குறைய முழுக்கத் தண்ணீர். எத்தனால் மூலக்கூறின் ஒரு முனை தண்ணீரோடு சேரும், மறுமுனை எண்ணெய்ப் பொருள்களோடு சேரும். தண்ணீரில் சரியாகக் கரையாத வாசனைகள்கூட இதில் இறங்கிவிடுவது அதனால்தான். ஆகவே, தண்ணீரில் முழுசாக இறங்காத வாசம் உள்ள உள்ளூர்ப் பொருளைத்தான் தேட வேண்டும். இல்லாவிட்டால் ஜூஸில் மதுவை ஊற்றிய கதையாகிவிடும்.

நமக்குத் தோதான பொருள் நன்னாரி. அதன் வாசத்துக்கு முக்கியக் காரணமான மூலக்கூறு, வெனிலாவின் வாசத்தைத் தரும் வெனிலினின் மாற்றியம். இரண்டிலும் கார்பன் 8, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 3. வளையத்தில் இரண்டு தொகுதிகள் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் இந்த இடமாற்றத்தால் நன்னாரியின் மூலக்கூறு தண்ணீரோடு அதிகம் ஒட்டாமல், நீராவியோடு சுலபமாகக் கிளம்பிவிடுகிறது. சர்பத்துக்கு வேரைக் கொதிக்க வைக்கும்போது வீடெல்லாம் மணக்கிறதே, அந்த மணம் பாத்திரத்தைவிட்டுப் போன மணம்.

வோட்காவில் ஊறவைக்க அடுப்பே வேண்டாம். வேரைக் கழுவி, காயவைத்து, உரலில் லேசாகத் தட்டினால் பழுப்புத் தோல் பிளந்து நடுவிலிருக்கும் வெள்ளை நரம்பு தனியே வரும். வாசம் தோலில்தான், நரம்பை எறிந்துவிடலாம். தோலை மூடிபோட்ட கண்ணாடி ஜாடியில் வோட்காவோடு போட்டு, தினமும் ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டும். வாசம் முதலில் இறங்கும், துவர்ப்பு பின்னால் வரும். துவர்ப்பு தலைகாட்டியதும் வடிகட்டிவிட வேண்டும்.

அடுத்து புளிப்பும் இனிப்பும். எலுமிச்சைச் சாற்றில் சுமார் 5 முதல் 6 சதவீதம் சிட்ரிக் அமிலம். சாற்றுக்குச் சம அளவு சர்க்கரைப் பாகு சேர்த்தால் நாக்குக்குப் பொருந்தும். கருப்பட்டி போட ஆசை வரும். ஆனால் அதன் வாசம் நன்னாரியை அமுக்கிவிடும். வெள்ளைச் சர்க்கரையே போதும். ஒரு சிட்டிகை உப்பு கட்டாயம், ஏனென்றால் சோடியம் கசப்பை மட்டுப்படுத்தும்.

ஷேக்கரில் ஐஸ் போட்டுக் குலுக்குவது வெறும் பந்தா இல்லை. ஒரு கிராம் ஐஸ் உருகும்போது 334 ஜூல் வெப்பத்தை உறிஞ்சுகிறது. உருகாமல் குளிர்ச்சி இல்லை, உருகினால் தண்ணீர் சேராமல் இருக்காது. எத்தனால் உறைநிலையைத் தாழ்த்துவதால், நன்றாகக் குலுக்கிய பானம் பூஜ்ஜியத்துக்கும் கீழே போய்விடும். ஐஸ் விடும் தண்ணீரையும் அளவில் சேர்த்துக்கொண்டுதான் பாகையும் சாற்றையும் தீர்மானிக்க வேண்டும்.

புளிப்பும் இனிப்பும் கூடினால் மதுவின் எரிச்சல் மறைந்துவிடும். கை தானாக அடுத்த கிளாஸுக்குப் போகும். 60 மில்லி வோட்காவில் சுமார் 20 கிராம் எத்தனால். கல்லீரல் மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் சமாளிக்கும். எவ்வளவு குடித்தாலும் கேடுதான், பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடிப்பதென்று முடிவுசெய்தவர் கையில் ஒரு வழி இருக்கிறது. வாசத்தைக் கூட்ட வேரைக் கூட்டினால் போதும், மதுவைக் கூட்டத் தேவையில்லை. 30 மில்லி நன்னாரி வோட்கா, எலுமிச்சைச் சாறும் பாகும் தலா 15 மில்லி, உப்பு. குலுக்கி வடித்து, மேலே சோடா. வோட்காவுக்கு இதில் வாசத்தைச் சுமக்கும் வேலை மட்டும்தான். அதற்கு 30 மில்லி தாராளம்.