வீடு கட்டித் தந்தவர் மீது முறைப்பாடு: எங்கே போவது, என்ன கிடைக்கும்?

எமது அலுவலகத்துக்கு வரும் குடும்பங்கள் முன்பெல்லாம் காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், பாடசாலை அனுமதி பற்றியே கேட்பார்கள். இப்போது இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது. "காசு முழுக்கக் குடுத்துக் கட்டின வீடு ஒழுகுது. கட்டினவரை ஆரிட்டைப் போய்ச் சொல்லுறது?" கொழும்பில் தங்கிவிட்டவர்களும் கேட்கிறார்கள், ஊர் திரும்பி வீடு கட்டுபவர்களும் கேட்கிறார்கள். ஆகவே இவ்விதழில் அதை விளக்க முனைகிறோம்.

ஒரு குடும்பத்தின் அனுபவம்

வன்னியில் வயல் செய்து வாழ்ந்த ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து கொட்டாஞ்சேனையில் உறவினர் வீட்டில் குடியிருந்தது. வெளிநாட்டிலுள்ள மகன் அனுப்பிய பணத்தில் அந்த வீட்டின் மேல் ஒரு தட்டு எழுப்பினார்கள். வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் வெள்ளவத்தையில் பல வீடுகள் கட்டியவர் என்று சொல்லப்பட்டது. அவருடைய கடிதத் தலைப்பில் பதிவு இலக்கம் ஒன்றும் இருந்தது. எழுத்தில் ஒப்பந்தம் எதுவும் இல்லை. மாநகர சபை அனுமதியைப் பற்றிக் கேட்டபோது, "அதை நான் பார்த்துக்கொள்ளுறன் அம்மா" என்றார்.

தை மாதத்தில் வேலை முடிந்தது. வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் கொங்கிரீட் தட்டு கசிந்தது. அடுத்த வருடம் கம்பி துருப்பிடித்த கோடுகள் தெரிந்தன. ஒரு நாள் காலையில் பூச்சுக் கட்டியொன்று பிள்ளையின் கட்டிலருகே விழுந்தது. கொந்தராத்துக்காரரைக் கேட்டால், "கடல் காற்றுக்கு அப்படித்தான்" என்ற பதில்.

அந்தத் தாய் எம்மிடம் வந்து முதலில் கேட்டது, "அவரின்ரை லைசென்சைப் பறிக்க ஏலாதா?" என்பதுதான். அவரது கோபம் நியாயமானது. ஆனால் அந்த ஒரு கேள்விக்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து உண்டா? நட்டத்தை ஈடு செய்வது யார்? தவறு செய்தவரைத் தண்டிப்பது யார்? இவை ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு.

முதலில் உயிர்

2017 மே 18ஆம் திகதி வெள்ளவத்தையில் சவோய் திரையரங்குக்கு அருகே பல மாடிக் கட்டடமொன்று இடிந்து விழுந்தது. உயிரிழப்பு ஏற்பட்டது, பலர் காயமடைந்தனர். கட்டட வேலையில் உள்ள குறை வீட்டுக்காரருக்கும் கொந்தராத்துக்காரருக்கும் இடையிலான பணப் பிரச்சினை மட்டுமல்ல என்பதை அந்நாள் எல்லோருக்கும் உணர்த்தியது.

ஆகவே தூணிலோ, வளையிலோ, தட்டிலோ வெடிப்பு விரிந்தால், அல்லது கம்பி வெளியே தெரிந்தால், முறைப்பாடு எழுதுமுன் அந்த இடத்தின் கீழ் படுப்பதை நிறுத்துங்கள். பட்டயப் பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு பார்வையிட்டு எழுத்தில் அறிக்கை பெறுங்கள். அந்த அறிக்கை உங்கள் பாதுகாப்புக்கும் உதவும், பின்னர் சாட்சியாகவும் நிற்கும். அக்குடும்பத்துக்கும் முதலில் இதையே சொன்னோம். கட்டில்கள் கீழ்த்தட்டுக்கு இறங்கின. தட்டுக்கு முண்டு கொடுக்கப்பட்டது.

பறிப்பதற்குப் பதிவு இருக்க வேண்டும்

இலங்கையில் கொந்தராத்துக்காரரைப் பதிவு செய்யும் நிறுவனம் நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபை. 1986இல் தொடங்கிய 'இக்டாட்' என்னும் நிறுவனத்தின் இடத்தில், 2014ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இது அமைந்தது. இதன் அலுவலகம் கொழும்பு 7, விஜேராம மாவத்தையில் 'சவ்சிரிபாய' என்னும் கட்டடத்தில் உள்ளது. கட்டட வேலைக்குரிய தரங்கள் சி-1 தொடக்கம் சி-9 வரை செல்கின்றன. இலக்கம் கூடக்கூட, எடுக்கக்கூடிய வேலையின் பெறுமதி குறையும். சி-1க்கு மேலே சி.எஸ்-1, சி.எஸ்-2 என்ற தரங்கள் உண்டு.

பதிவுபெற்றவர் தவறு செய்தால் அவருடைய பதிவை இடைநிறுத்தவோ இரத்துச் செய்யவோ அதிகாரசபையால் முடியும். அரச வேலைகளுக்குப் போட்டியிடும் நிறுவனத்துக்கு அது பெரிய அடி. ஆகவே ஆதாரத்துடன் எழுதப்படும் முறைப்பாட்டுக்குப் பலம் உண்டு.

ஆனால் இங்கே இரண்டு விடயங்களை மனதில் வையுங்கள். ஒன்று, பதிவு இரத்தானால் அடுத்த குடும்பம் தப்பும், உங்கள் தட்டின் ஒழுக்கு நிற்காது. ஒழுக்காற்று நடவடிக்கை வேறு, நட்டஈடு வேறு. மற்றது, பதிவு இல்லாதவரிடமிருந்து பறிக்க ஒன்றுமில்லை. சிறு வீடுகள் கட்டும் மேசன்மார் பலர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. நாம் சொன்ன குடும்பத்தின் விடயத்திலும் கடிதத் தலைப்பில் இருந்த இலக்கம் வேறொரு நிறுவனத்துக்கு உரியதாக இருந்தது. வேலை தொடங்குமுன் ஒரு தடவை விசாரித்திருந்தால் அது அன்றே தெரிந்திருக்கும்.

பிற நாடுகளில் இந்த இரண்டு கதவுகளையும் ஓரளவு இணைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 1929 முதல் கொந்தராத்துக்காரருக்கான அனுமதிச் சபை இயங்குகிறது. அங்கே அனுமதி பெறுபவர் 25,000 டொலர் பிணை வைத்திருக்க வேண்டும். குறைவேலையால் நட்டப்பட்டவர் அந்தப் பிணையிலிருந்து கோரிக்கை விடலாம்.

நட்டத்துக்கு எங்கே போவது?

பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபை: 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் பொருந்தும். வியாபாரமாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்துடனும் திறமையுடனும் அதைச் செய்ய வேண்டும், பயன்படுத்தும் பொருளும் தேவைக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பது, எழுதாவிட்டாலும் ஒப்பந்தத்தில் அடங்கிய உறுதி. முறைப்பாடு எழுத்தில் இருக்க வேண்டும். சேவை பெற்று 3 மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் தகவல் அறிய 1977 என்ற இலக்கம் உண்டு. கால எல்லையைக் கவனியுங்கள். தை மாதத்தில் முடிந்த வேலையின் ஒழுக்கு வைகாசி மழையில்தான் தெரியும். அதற்குள் 3 மாதம் கடந்துவிடும். எனவே வேலை முடிந்த கிழமையே தட்டின் மேல் வரம்பு கட்டி, தண்ணீர் நிறுத்திப் பாருங்கள். வயலில் வரம்பு கட்டத் தெரிந்த எமக்கு இது புதிய வேலை அல்ல.

மத்தியஸ்த சபை: 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. சட்டத்தரணி தேவையில்லை. சபை தீர்ப்புச் சொல்லாது, தண்டிக்காது. இரு பகுதியையும் இருத்தி இணக்கத்துக்குக் கொண்டுவர முயலும். குறித்த தொகைக்கு உட்பட்ட பிணக்குகளில் இங்கே போகாமல் நேரே நீதிமன்றம் போக முடியாது. இணக்கம் வராவிட்டால் அதற்குரிய சான்றிதழ் தரப்படும்.

மாவட்ட நீதிமன்றம்: ஒப்பந்தத்தை மீறியதற்கான வழக்கு இங்கே. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தத்தின் மீது வழக்கிட 6 வருடங்கள் உண்டு. வாய் ஒப்பந்தம் என்றால் 3 வருடங்கள் மட்டுமே. ஒரு தாளில் எழுதிக் கையொப்பமிடாததால் பாதிக் காலம் போய்விடுகிறது.

"முறைப்பாடு எங்கள் மேலேயே பாயாதா?"

அந்தத் தாய்க்கு இருந்த பெரிய பயம் இது. மேல்தட்டுக்கு அனுமதி எடுக்கப்படவில்லை. கொந்தராத்துக்காரர் வாக்குத் தந்திருந்தாலும், அனுமதி இல்லாத கட்டடத்துக்கு வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும். 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்க நகர அபிவிருத்தி அதிகாரசபைச் சட்டம் கட்டுமுன் அனுமதியையும், குடிபுகுமுன் இணக்கச் சான்றிதழையும் கேட்கிறது. இதை மறைத்துப் பேசும்படி நாம் எவருக்கும் சொல்வதில்லை. மறைத்த விடயத்தை எதிர்ப்பகுதி கையில் எடுத்து உங்களைப் பயமுறுத்தும். நீங்களே சொல்லி, பொறியியலாளரின் அறிக்கையுடன் அனுமதிக்கு விண்ணப்பித்தால் அந்த ஆயுதம் அவர் கையில் இல்லை.

இன்னொரு பயம் மொழி. தமிழும் அரச கரும மொழி. தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் உரிமை தருகிறது. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதுங்கள். பிரதியொன்றில் திகதி முத்திரை பெற்றுக்கொள்ளுங்கள்.

அக்குடும்பத்திடம் ஒப்பந்தம் இருக்கவில்லை. ஆனால் வங்கியில் பணம் வைப்பிட்ட துண்டுகளை அந்தத் தாய் பழைய பிஸ்கட் ரின்னில் சேர்த்து வைத்திருந்தார். கைத்தொலைபேசியில் படங்களும் இருந்தன. அவற்றையும் பொறியியலாளரின் அறிக்கையையும் மத்தியஸ்த சபையில் வைத்தபோது கொந்தராத்துக்காரரால் கடல் காற்றைக் காட்ட முடியவில்லை. பழுதான பகுதியைப் பொறியியலாளரின் மேற்பார்வையில் தன் கூலியில் திருப்பிக் கட்ட இணங்கினார். சாமான் செலவு குடும்பத்தின் தலையில். முழு நீதி என்று இதைச் சொல்ல மாட்டோம். ஆனால் பிள்ளைகள் இப்போது பயமில்லாமல் நித்திரை கொள்கிறார்கள். இலக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியது பற்றியும் அவர்கள் தனியாக அதிகாரசபைக்கு எழுதினார்கள்.

அடுத்து வீடு கட்டுபவர்களுக்கு

இந்திய வீடமைப்புத் திட்டத்தில் வடக்கு கிழக்கில் புது வீட்டுக்கு வழங்கப்பட்ட 550,000 ரூபா ஒரே தடவையில் தரப்படவில்லை. வேலை கட்டம் கட்டமாக முன்னேற, பணமும் கட்டம் கட்டமாக வந்தது. உங்கள் சொந்தப் பணத்துக்கும் இதே முறையைக் கைக்கொள்ளுங்கள்.

1. பதிவு இலக்கத்தை அதிகாரசபையில் விசாரியுங்கள். பதிவு யார் பெயரில், எத்திகதி வரை என்று பாருங்கள். பதிவில்லாத மேசன் என்றால் அவர் கட்டிய இரண்டு வீடுகளை மழைக்குப் பின் போய்ப் பாருங்கள்.

2. வேலை விபரம், சாமானின் தரம், விலை, முடியும் திகதி எல்லாவற்றையும் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள்.

3. அத்திவாரம், சுவர், கூரை என்று முடிந்த வேலைக்கே பணம் கொடுங்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள்.

4. மொத்தத் தொகையில் 5 சதவீதத்தை ஒரு வருடம் பிடித்து வைப்பதாக ஒப்பந்தத்தில் எழுதுங்கள். பெரிய ஒப்பந்தங்களில் இது வழக்கமான முறை. ஒரு மாரியாவது கடந்த பின் மீதியைக் கொடுக்கலாம்.

5. கம்பி கட்டியதும், கொங்கிரீட் போடுமுன், படம் எடுங்கள். போட்டபின் குறைந்தது 7 நாட்கள் ஈரம் காயவிடாதீர்கள். நாற்றுமேடை காய்ந்தால் பயிர் என்னாகும் என்று உங்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. கொங்கிரீட்டும் அப்படியே.

6. குறை கண்டால் அன்றே எழுதி அறிவியுங்கள். தொலைபேசியில் சண்டை பிடித்ததற்குச் சாட்சி இல்லை.

பல தடவை இடம்பெயர்ந்தவருக்கு ஒரு வீடு என்பது பல வருட உழைப்பும் பிள்ளைகளின் வியர்வையும் சேர்ந்தது. கட்டுபவர் மீது நம்பிக்கை வையுங்கள். அந்த நம்பிக்கையை ஒரு தாளிலும் எழுதி வையுங்கள்.