படத்தின் ஓரத்தில் நின்றவர்கள்

1949 பிப்ரவரியில் ஹைதராபாத்தின் பேகம்பேட் விமான நிலையத்தில் எடுத்த படம் ஒன்று உண்டு. வந்திறங்கிய சர்தார் படேலை நிஜாம் மீர் உஸ்மான் அலி கான் கைகூப்பி வரவேற்கிறார். மற்றவர்கள் தன்னைத் தேடிவந்து வணங்குவதே வழக்கமாயிருந்த மன்னர். 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைந்து ஹைதராபாத் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்த பின், யார் யாரை வணங்குவது என்பது மாறிப்போனதை அந்த ஒரு படமே சொல்லிவிடுகிறது.

அங்கிருந்து வடக்கே சற்றுத் தூரத்தில் போலாரம். 1860இல் கட்டிய பிரிட்டிஷ் ரெசிடெண்டின் மாளிகை, சுதந்திரத்துக்குப் பின் குடியரசுத் தலைவர் வந்து தங்கும் ராஷ்டிரபதி நிலையமானது. மதராஸ் ராணுவத்தோடு வந்த தமிழ்க் குடும்பங்கள் இந்தக் கண்டோன்மெண்ட் பகுதியில் தலைமுறைகளாக வாழ்கின்றன. ஆனால் அவர்கள் வாழ்ந்த தெருவில் அன்று கேமரா பத்திரிகைக்காரர், அதிகாரி, வசதியுள்ளவர் கையில்தான் இருந்தது. ஒரு ஃபிலிம் சுருளில் சில படங்கள்தான், வீணாக்க முடியாது. தலைவருக்காக எடுத்த படத்தில் தற்செயலாக விழுந்தவர்கள்தான் கூலிக்காரரும் பூ விற்பவரும். மற்றவர்களுக்கு வாய்த்தது ஸ்டூடியோ: பெரியவர் நாற்காலியில், மருமகள்கள் பின்னால், பிள்ளைகள் தரையில். வீட்டின் அதிகாரம் அப்படியே வரிசையாகத் தெரியும்.

அதே காலத்தில் தெலங்கானா விவசாயிகளின் ஆயுதப் போராட்டத்தைப் படமெடுத்தவர் சுனில் ஜானா. ஏழைகளைத் தாழ்ந்த கோணத்திலிருந்து, வானம் பின்னணியாக நிமிர்ந்து நிற்கவைத்து எடுப்பது அவர் பாணி. உழைப்பவரைப் படத்தின் நடுவில் நிறுத்தியதை அந்தக் காலத்தின் பெரிய துணிச்சலாகவே நான் நினைக்கிறேன்.

போலாரத்தின் ராஷ்டிரபதி நிலையத்தைப் பொதுமக்களால் முன்பெல்லாம் குடியரசுத் தலைவர் குளிர்காலத்தில் தங்கிப்போன பின் சில நாள் மட்டுமே பார்க்க முடிந்தது. 2023 மார்ச் முதல், அவர் தங்கும் நாட்களைத் தவிர, ஆண்டு முழுதும் திறந்திருக்கிறது. அந்த வாசலைப் போலவே கேமராவும் எல்லாருக்கும் திறந்துவிட்டது; இன்று அது எல்லார் பையிலும் இருக்கிறது. யார் நடுவில் நிற்பது என்று யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. இது உண்மையான விடுதலை. ஆனால் நம்மையே எடுத்துக்கொள்ளும்போது பக்கத்தில் நிற்கும் அந்நியரை விலக்கிவிடுகிறோம். பழைய படத்தில் தவறுதலாகவாவது தெரு இருந்தது.

போலாரம், திருமலகிரி, அல்வால் பக்கத்து வீடுகளில் பரணில் கிடக்கும் படங்களை இப்போதே இறக்குங்கள். நடுவில் இருப்பவரின் பெயர் எப்படியும் தெரியும். ஓரத்தில் நிற்பவர் யாரென்று பாட்டியிடம் கேட்டு, பின்பக்கம் மென்மையான பென்சிலால் எழுதிவையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வந்துவிடும்.