ஓட்டு போட்டு விலங்குகளை காப்பாற்ற முடியுமா? ஸ்ரீவில்லிபுத்தூர் கோவில் யானை விவகாரம் சொல்லும் பாடம்

ராஜபாளையம்:

வெளிநாடுகளில் கூண்டுக்குள் அடைபட்ட கோழிக்காகவும் பன்றிக்காகவும் பொதுமக்களே கையெழுத்து திரட்டி, ஓட்டு போட்டு சட்டம் கொண்டு வருகிறார்கள். ஆனால் நம்ம ஆண்டாள் கோவில் யானை அடி வாங்கியபோது கண் கலங்கியவர்கள் ஓட்டு போட எந்த பூத்துக்கும் போக முடியவில்லை. காரணம், அப்படி ஒரு வழியே இங்கு கிடையாது. அப்படியானால் வாயில்லா ஜீவனுக்கு நியாயம் கேட்க நமக்கு என்னதான் வழி?

யானைக்கு நடந்தது என்ன?

அசாமில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் கோவிலுக்கு கொண்டு வரப்பட்ட யானை ஜெயமால்யதா. 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் மேட்டுப்பாளையம் அருகே தேக்கம்பட்டியில் நடந்த யானைகள் புத்துணர்வு முகாமுக்கு இந்த யானையும் சென்றிருந்தது. அங்கு யானையை கட்டிப்போட்டு பாகனும் உதவியாளரும் குச்சியால் அடிக்கும் காட்சியை யாரோ செல்போனில் படம் பிடித்து விட்டனர். அந்த வீடியோ பரவி பெரும் பரபரப்பை ஏற்படுத்தியது. இருவரும் கைதானார்கள்.

விவகாரம் அதோடு முடியவில்லை. 2022-ல் மீண்டும் புகார் கிளம்பியது. யானையை திருப்பி தரும்படி அசாம் அரசு கேட்டது. அசாம் குழுவினர் தமிழகம் வந்தனர். யானை நலமாக இருப்பதாக தமிழக அரசு தெரிவித்தது. விவகாரம் கவுகாத்தி ஐகோர்ட்டு வரை போனது.

வெளிநாட்டில் எப்படி?

சுவிட்சர்லாந்தில் 18 மாதத்துக்குள் 1 லட்சம் வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கினால் போதும், அரசியல் சட்டத்தையே திருத்தச்சொல்லி நாடு முழுவதும் ஓட்டெடுப்பு நடத்தலாம். அங்கு இந்த முறையில் 1893-ல் நடந்த முதல் ஓட்டெடுப்பே விலங்கு பற்றியதுதான். மயக்கம் கொடுக்காமல் கால்நடைகளை அறுப்பதற்கு அதில் தடை வந்தது.

அமெரிக்காவில் சில மாநிலங்களில் இந்த முறை உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2008-ல் மக்கள் போட்ட ஓட்டால் 2010 முதல் நாய் பந்தயம் நின்று போனது. கலிபோர்னியாவில் 2018-ல் முட்டைக்கோழி, இனவிருத்தி பன்றி, இறைச்சிக்கன்று ஆகியவற்றை திரும்பக்கூட முடியாத கூண்டில் அடைக்கக்கூடாது என்று மக்கள் தீர்ப்பளித்தனர். பன்றி வளர்ப்பு நிறுவனங்கள் வழக்கு போட்டும், 2023-ல் அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு அந்த சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

இந்தியாவில் உண்டா?

இல்லை. இங்கு சட்டம் போடுவது பாராளுமன்றமும் சட்டசபையும்தான். நாம் எம்.பி., எம்.எல்.ஏ.வை தேர்ந்தெடுக்கலாம். சட்டத்துக்கு நேரடியாக ஓட்டு போட முடியாது. உயிரினங்களிடம் இரக்கம் காட்டுவது குடிமகனின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51-ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் 1960-ம் ஆண்டு பிராணிகள் வதை தடுப்பு சட்டப்படி முதல் முறை குற்றத்துக்கு அபராதம் அதிகபட்சம் வெறும் 50 ரூபாய்தான். ஒரு வேளை பிரியாணிக்குக்கூட பத்தாத தொகை!

ஓட்டு எப்போதும் விலங்கு பக்கம் நிற்குமா?

அதுவும் நிச்சயம் இல்லை. சுவிட்சர்லாந்தில் 2022-ல் பண்ணை விலங்குகளை நெருக்கி அடைத்து வளர்ப்பதை ஒழிக்க நடந்த ஓட்டெடுப்பில் 60 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் 'வேண்டாம்' என்று தோற்கடித்து விட்டனர்.

தமிழ்நாட்டிலும் மக்கள் மனசு எந்தப்பக்கம் என்று பார்த்தாச்சு. கோவில்களில் ஆடு, கோழி பலியிட 2003-ல் ஜெயலலிதா அரசு தடையை கடுமையாக்கியது. கிராமங்களில் கடும் எதிர்ப்பு கிளம்ப, 2004-ல் அந்த சட்டமே ரத்தானது. ஜல்லிக்கட்டுக்கு 2014-ல் சுப்ரீம் கோர்ட்டு தடை போட்டது. 2017-ல் மெரினாவில் திரண்ட கூட்டத்தை பார்த்து சட்டசபை புது சட்டம் கொண்டு வந்தது. 2023-ல் அதே கோர்ட்டு அந்த சட்டத்தை ஏற்றுக்கொண்டது.

நம்ம ஊரில் என்ன செய்யலாம்?

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டார கிராமங்களுக்கு கையில் இருக்கும் ஆயுதம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூடும். வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள யாரும் பேசலாம், தீர்மானம் கேட்கலாம். தீர்மானம் நோட்டில் எழுதப்படுகிறதா என்று கூடவே இருந்து பார்ப்பது முக்கியம்.

இது சட்டம் ஆகாது. ஆனால் சும்மாவும் போகாது. மதுரை அருகே பறவைகளுக்கு புகழ்பெற்ற அரிட்டாபட்டி பகுதியில் டங்ஸ்டன் சுரங்கம் வேண்டாம் என்று 2024-ல் கிராமசபைகள் தீர்மானம் போட்டன. சட்டசபையும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் மத்திய அரசு அந்த ஏலத்தையே ரத்து செய்தது. சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021-ல் அறிவிக்கப்பட்ட புலிகள் காப்பகமும் இருக்கிற மலையடிவார கிராமங்களுக்கு இது நல்ல முன்னுதாரணம்.

நகராட்சிக்குள் இருப்பவர்கள் பகுதி சபை கூட்டத்திலும், கலெக்டர் ஆபீசில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளிலும் மனு கொடுக்கலாம். ஒரு விலங்கை கொன்றாலோ முடமாக்கினாலோ போலீசில் புகார் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை ஜெயில் உண்டு.

கடைசி வழி கோர்ட்டு. விருதுநகர் மாவட்டத்தில் வளர்க்கப்பட்ட லலிதா என்ற வயதான யானை காயத்தோடு கிடந்த வழக்கில், 2023-ல் மதுரை ஐகோர்ட்டு நீதிபதி நேரிலேயே போய் பார்த்தார். கோவில்களும் தனியாரும் இனி புதிதாக யானை வாங்கக்கூடாது என்று உத்தரவு வந்தது.

ஜெயமால்யதாவுக்காக எந்த ஓட்டுப்பெட்டியும் திறக்கவில்லை. ஒரு செல்போன் வீடியோதான் ரெண்டு மாநில அரசுகளையும் பதில் சொல்ல வைத்தது. படம் பிடித்தவர் பார்த்தும் பார்க்காத மாதிரி போயிருந்தால், அந்த அடி வெளியே தெரிந்தே இருக்காது என்பது குறிப்பிடத்தக்கது.